பள்ளத்தில் சாயத்தண்ணி வந்தால்: முதல் புகாரிலிருந்து பசுமைத் தீர்ப்பாயம் வரை

எங்கள் ஊர் ஈரோட்டுப் பக்கம். ஊருக்கு வடக்கே ஒரு பள்ளம் ஓடுகிறது. மற்ற ஊர்க்காரர்கள் ஓடை என்பதை நாங்கள் பள்ளம் என்போம். ஒரு நாள் விடியற்காலையில் அது கருஞ்சிவப்பாக ஓடியது. அன்றிலிருந்து பள்ளத்தின் வாயைச் சட்டப்படி அடைக்க எங்களுக்கு இரண்டே முக்கால் வருஷம் ஆயிற்று. அதில் முதல் பதினான்கு மாதங்கள் முழுக்க வீண். உழைக்காமல் இல்லை, மனு மேல் மனு கொடுத்தோம். எந்த மனுவை யாரிடம், எந்தக் காகிதத்தோடு, எந்தத் தேதிக்குள் கொடுப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பதினான்கு மாதங்கள் உங்களுக்குப் போகக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சாயக்கழிவை வைத்துச் சொல்கிறேன். தோல் கழிவு, ஆலைப் புகை, குப்பை எரிப்பு என்று உங்கள் தொல்லை வேறாக இருந்தாலும் போகவேண்டிய வாசல்கள் பெரும்பாலும் இவையேதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. பள்ளத்தை ஒட்டிய கிணற்றுத் தண்ணீரையும் போர் தண்ணீரையும் குடிப்பதை இன்றே நிறுத்துங்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஆனால் உப்பும் உலோகமும் அப்படியே இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் அளவு கூடத்தான் செய்யும். ஊராட்சியில் மாற்றுக் குடிநீர் கேட்டுத் தனியாக ஒரு மனு கொடுங்கள். அதைப் புகார் மனுவோடு சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஒரு தண்ணீர் லாரி அனுப்பிவிட்டு "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

1. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

மனு எழுத உட்காரும் முன்பே இது வேண்டும். கோடு போட்ட, பக்க எண் அச்சிட்ட, தைத்த நோட்டு. தாள் கிழித்தால் தெரிய வேண்டும். ஒவ்வொரு முறை கழிவு வரும்போதும் தேதி, மணி, இடம், நிறம், நுரை, நாற்றம், மழை பெய்ததா, யார் பார்த்தார்கள் என்று எழுதி, பார்த்தவர் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கும்:

"செவ்வாய் இரவு 11.40. தரைப்பாலத்துக்குக் கீழே. ஊதா நிறம், முழங்கால் அளவு நுரை. பிளீச்சிங் பவுடர் நெடி. சாயங்காலம் தூறல். பார்த்தவர்கள் மூவர்."

இதோடு எங்கள் சின்னம்மா ஒருவர் தானாகவே ஒரு வேலை செய்தார். பழைய வெள்ளைக் காடாத் துணியை விரற்கடை அகலத்துக்குக் கிழித்து, தினமும் காலையில் ஒரு துண்டைப் பள்ளத்தில் முக்கி, காயவைத்து, தேதி போட்டு நோட்டில் ஒட்டினார். நாற்பது பக்கத்துக்கு மேல் ஆனது. ஒரு பக்கம் வெளிர் மஞ்சள், அடுத்தது பச்சை, அதற்கடுத்தது மையைக் கொட்டியது போல. நீதிமன்றத்தில் அந்தத் துணிக்கு மதிப்பு குறைவு. ஆனால் கிராம சபையில் அந்த நோட்டைப் பிரித்துக் காட்டியபோது, அதுவரை "நமக்கெதுக்கு வம்பு" என்று பின்வரிசையில் நின்றவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

நோட்டு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது எனக்கும் கடைசியில்தான் புரிந்தது. மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த சுற்றுச்சூழல் இழப்பீட்டுச் சூத்திரத்தில் "மீறல் நடந்த நாட்கள்" ஒரு பெருக்கல் எண். அதிகம் மாசு விடும் சிவப்பு வகை ஆலைக்கு மாசுக் குறியீடு 80. ஒரு நாளுக்கான ரூபாய்க் காரணியாக வழக்கமாகப் போடுவது 250. சிறு ஆலை என்றால் 0.5 மடங்கு. பெருக்கிப் பாருங்கள், ஒரு நாளுக்குப் பத்தாயிரம் ரூபாய். நாள் எண்ணிக்கைக்கு ஆதாரம் இல்லாவிட்டால் அதிகாரி தான் வந்து பார்த்த நாளிலிருந்துதான் கணக்குப் போடுவார். நீங்கள் பொறுத்துக்கொண்ட மாதங்கள் கணக்கில் ஏறாமல் போகும்.

புகைப்படம் எடுக்கும்போது தேதி, நேரம், இட அளவுகளைப் படத்தின் மேலேயே பதியும் ஜி.பி.எஸ். கேமரா செயலியைப் பயன்படுத்துங்கள். மூலப் படத்தை எடுத்த போனிலேயே வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்துக்குள் இருக்கும் தேதி, இட விவரங்கள் அழிந்துவிடும். நாங்கள் முதல் ஆறு மாதப் படங்களை குரூப்பில் போட்டுவிட்டு, போனில் இடம் இல்லை என்று மூலத்தை அழித்துவிட்டோம். பிறகு மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்டபோது அவற்றில் ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை. பழைய 65பி சான்றிதழ்தான் இப்போது பாரதிய சாட்சியச் சட்டத்தில் 63ஆம் பிரிவாக இருக்கிறது.

2. இடத்துக்குச் சர்வே எண் கண்டுபிடியுங்கள்

"எங்கள் ஊர்ப் பள்ளத்தில் கழிவு வருகிறது" என்று எழுதிய எங்கள் முதல் மனு வி.ஏ.ஓ. மேஜையிலேயே நின்றுவிட்டது. "சர்வே நம்பர் இல்லாம நான் எங்கீங்க போயி பாக்கறது?" என்று கேட்டார். கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம்.

தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணையச் சேவையில் அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணின் நில வகை, உரிமை விவரம்), புல வரைபடம் (நிலத்தின் அளவுப் படம்) இரண்டையும் காசில்லாமல் எடுக்கலாம். மூன்று இடங்களின் சர்வே எண்கள் வேண்டும்: கழிவு வந்து விழும் வாய், பள்ளம் ஓடும் புறம்போக்கு, பாதிக்கப்பட்ட கிணறுகள். பள்ளம் அ-பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்கு என்று இருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருவர் "அது மழைத்தண்ணி போற சாக்கடைதானுங்க" என்று சொல்லும்போது அது பேசும்.

3. தண்ணீரை நீங்களே முதலில் சோதியுங்கள்

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். வாரம் ஒரு முறை, ஒரே நாளில், மேற்கே பள்ளத்துக்கு எட்டாத ஒரு கிணறு, பள்ளத்தை ஒட்டி இரண்டு, கீழ்ப்பக்கம் ஒன்று என நான்கு இடங்களில் அளந்து நோட்டில் ஏற்றுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை. எங்கள் மேற்குக் கிணறு 700ஐ ஒட்டி நின்றது. பள்ளத்தோரப் போர் 3400 காட்டியது. ஒரே மண், ஒரே மழை, நானூறு அடி தூரம். அந்த வித்தியாசம்தான் வாதம். தனி எண்ணை மட்டும் காட்டினால் "இந்தப் பக்கம் எல்லாமே உப்புத் தண்ணிதான்" என்று தள்ளிவிடுவார்கள்.

ஜல் ஜீவன் திட்டத்தில் உங்கள் ஊரிலும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் தண்ணீர் பார்க்கப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். ஊராட்சிச் செயலரிடம் பெட்டி எங்கே என்று கேளுங்கள். எங்கள் ஊரில் அது உறை பிரிக்காமல் பீரோவில் இருந்தது.

அடுத்தது ஆய்வகம். கிணற்று நீருக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகமே போதும், கட்டணமும் குறைவு. கழிவுநீருக்கு பி.ஓ.டி., சி.ஓ.டி. (கழிவு தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை எவ்வளவு உறிஞ்சும் என்று காட்டும் இரண்டு அளவுகள்), உலோகம் எல்லாம் பார்க்க வேண்டும். அதற்கு என்.ஏ.பி.எல். என்ற தேசிய ஆய்வக அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகம் தேவைப்படும். ஒரு மாதிரிக்குச் சில ஆயிரம் ஆகும். பணம் கட்டும் முன் எந்தெந்தச் சோதனைக்கு அந்த ஆய்வகத்துக்கு அங்கீகாரம் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, சோதனை வாரியாகத்தான் கிடைக்கும்.

மாதிரி எடுக்கும் முறை:

ஆய்வகத்திலிருந்தே பாட்டில் வாங்குங்கள். உலோகம் பார்க்கும் பாட்டிலில் அமிலம் விட்டுத் தருவார்கள், அதை மட்டும் கழுவாதீர்கள். மற்ற பிளாஸ்டிக் கேன்களை அதே தண்ணீரில் மூன்று தரம் அலசிவிட்டுக் கழுத்து வரை நிரப்புங்கள். கழிவு விழும் இடத்துக்கு மேலே ஒன்று, விழும் இடத்தில் ஒன்று, கீழே ஒன்று, ஆக மூன்று இடம். ஐஸ் பெட்டியில் வைத்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேருங்கள். பி.ஓ.டி. சோதனைக்கு இது கட்டாயம். வெள்ளி இரவு மாதிரி எடுக்காதீர்கள். நாங்கள் எடுத்தோம். சனியும் ஞாயிறும் பூட்டியிருந்த ஆய்வகத்தின் வாசலில் ஐஸ் உருகியதுதான் மிச்சம், மாதிரியும் போயிற்று, வண்டி வாடகையும் போயிற்று.

அறிக்கையில் பார்க்க வேண்டிய எல்லைகள், உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு: பி.எச். 5.5 முதல் 9 வரை, பி.ஓ.டி. 30, சி.ஓ.டி. 250, மிதக்கும் திடப்பொருள் 100. கடைசி மூன்றும் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு.

நீங்கள் எடுத்த மாதிரியை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி மாசு கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி அறிவிப்புக் கொடுத்து, ஆலைக்காரர் முன்னிலையில் எடுத்து, இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்ட மாதிரிக்குத்தான் சட்ட மதிப்பு. பிறகு எதற்கு இந்தச் செலவு? வாரியத்தை வரவழைக்கத்தான். கையில் எண் இல்லாமல் போகிறவருக்குக் கிடைப்பது "பார்க்கிறோம்". எண்ணோடு போகிறவருக்குத் தேதி கிடைக்கும்.

4. ஆள் சேருங்கள், ஆனால் எண்ணிக்கைக்காக வேண்டாம்

ஒற்றை ஆள் பெயரில் மனு போடாதீர்கள். அந்த ஒருவரை மிரட்டினாலோ வாங்கிவிட்டாலோ எல்லாம் முடிந்தது. ஐந்து பேர் உறுதியாக நின்றால் போதும். அதில் இரண்டு பேராவது நேரடியாகப் பாதிக்கப்பட்ட கிணற்றுக்குப் பட்டா வைத்திருப்பவர்களாக இருக்கட்டும். பெண்கள் அவசியம் இருக்கட்டும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்களுக்கும் உண்டு. இது தெரியாமல் நாங்கள் முதல் வழக்கறிஞருக்கு முன்பணமாகக் கொடுத்த தொகையில் ஆறு மாதிரி சோதித்திருக்கலாம்.

ஊரில் பாதிப் பேர் அந்தச் சாயப் பட்டறைகளில்தான் வேலை பார்ப்பார்கள். அவர்களை எதிரியாக்காதீர்கள். "பட்டறையை மூடு" என்று எழுதாமல் "இசைவாணை நிபந்தனைப்படி நடத்து, கழிவைச் சுத்திகரி" என்று எழுதுங்கள். இசைவாணை என்பது ஆலை நடத்த மாசு கட்டுப்பாட்டு வாரியம் கொடுக்கும் அனுமதி. எங்களுக்கு முதல் உண்மையான துப்பு கொடுத்தவரே உள்ளே வேலை பார்த்த ஒருவர்தான். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. யூனிட்டைச் சுற்றிப் போகும் ஒரு பைபாஸ் குழாய் இருக்கிறது என்று சொன்னார். அவர் பெயரை எந்தத் தாளிலும் நாங்கள் எழுதவில்லை. நீங்களும் எழுதாதீர்கள்.

செய்யக் கூடாதவை மூன்று. ஆலை வளாகத்துக்குள் கால் வைக்காதீர்கள், அத்துமீறல் வழக்கு வரும். ஆதாரம் வரும் முன்பே ஆலைப் பெயரைப் போட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள், அவதூறு வழக்கு வரும். எடுத்த எடுப்பில் மறியலில் உட்காராதீர்கள். மறியல் செய்த அன்று தாசில்தார் வந்து பேசினார், கூட்டம் கலைந்தது. இளைஞர்கள் பதினோரு பேர் மேல் போட்ட வழக்கு மட்டும் மிச்சம். அதற்கு வாய்தா அலைந்ததில் இரண்டு பேருக்கு வேலையே போயிற்று.

5. கிராம சபைத் தீர்மானம் வாங்குங்கள்

தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலக நீர் நாள், இதற்குப் பொருத்தமான நாள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தலைவரிடம் எழுத்தில் கொடுத்து, பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மானத்தின் வாசகத்தையும் நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று அன்றே கண்ணால் பார்த்து, நகல் கேளுங்கள். வாய்மொழியாக "தீர்மானம் போட்டாச்சு" என்பதை நம்பி நாங்கள் மூன்று மாதம் காத்திருந்தோம். புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. நகரத்தில் இருப்பவர்களுக்கு இதே வேலைக்குப் பகுதி சபைக் கூட்டம் இருக்கிறது.

6. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார்

போக வேண்டிய இடம் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம். கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை மனு கொடுப்பது தவறில்லை, ஆனால் அது அங்கிருந்து இவரிடம்தான் வரும். வாரியத்துக்கு இணையத்தில் தனிப் புகார்ப் பக்கமும் உண்டு, முதல்வர் உதவி மைய எண் 1100 உண்டு. ஆன்லைனில் போடுங்கள், ஆனால் தாளிலும் கொடுத்து முத்திரையும் தேதியும் உள்ள ஒப்புகை வாங்குங்கள். நேரில் வாங்க மறுத்தால் தபாலில், கிடைத்ததற்கான ஒப்புகை வேண்டும் என்று கேட்டு அனுப்புங்கள். பின்னால் எல்லா இடத்திலும் இந்தத் தேதியைத்தான் கேட்பார்கள்.

மனு ஒரே பக்கம் இருக்கட்டும். எங்களுடையதில் வேலை செய்த பத்தி இது:

"மேற்படி சர்வே எண்ணில் உள்ள தரைப்பாலத்தின் கீழ், இணைப்பு 1இல் கண்ட 23 நாட்களில், பெரும்பாலும் இரவு 10 மணிக்கு மேலும் மழை நாட்களிலும், நிறமுள்ள கழிவுநீர் வெளியேறியது. இணைப்பு 2 ஆய்வக அறிக்கை, இணைப்பு 3 புகைப்படங்கள், இணைப்பு 4 கிராம சபைத் தீர்மானம். இரவிலும் மழை நாளிலும் ஆய்வு செய்து, கழிவுநீர், பள்ளத்துச் சேறு, கிணற்று நீர் ஆகிய மூன்றிலும் நீர்ச் சட்டம் பிரிவு 21இன்படி மாதிரி எடுத்து, எடுக்கப்பட்ட நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்."

சேறு என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆய்வுக்கு ஆள் வருவார்கள், பெரும்பாலும் காலை பதினோரு மணிக்கு. அதற்குள் பள்ளம் கழுவிவிட்டது போல் இருக்கும். முதல் இரண்டு ஆய்விலும் "கழிவுநீர் வெளியேற்றம் காணப்படவில்லை" என்றே அறிக்கை. தண்ணீர் ஓடிவிடும். சேறு ஓடாது, கிணறும் ஓடாது. மூன்றாம் முறை சேற்றை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டியதும் அடுக்கடுக்காக நிறம் தெரிந்தது. நீலம், அதன்மேல் கறுப்பு, அதன்மேல் செம்பழுப்பு. அந்த அதிகாரியும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

ஈரோட்டுப் பக்கம் வாரியத்துக்குப் பறக்கும் படையும் உண்டு. இரவில் கழிவு ஓடும்போது கூப்பிட வேண்டிய எண்ணை அலுவலகத்தில் கேட்டு எழுதி வையுங்கள். எந்த ஆலை என்று தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். "இன்ன இடத்தில் விழுகிறது, மூலத்தைக் கண்டறியவும்" என்பதே போதும். கண்டுபிடிப்பது அவர்கள் கடமை.

மீறல் உறுதியானால் நீர்ச் சட்டம் 33ஏ பிரிவில் மின்சாரத்தைத் துண்டிக்கவும் மூடவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு.

7. தகவல் உரிமை மனுவை அன்றே போடுங்கள்

புகார் கொடுத்த அதே வாரம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. கட்டணம் பத்து ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் சரியில்லாவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் மாநில தகவல் ஆணையம். ஆணையத்தில் நாள் வர மாதக்கணக்கில் ஆகும், அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. ஆவணம் கேளுங்கள்: இன்ன ஆலைக்கு வழங்கிய நிறுவுவதற்கான இசைவாணை, இயக்குவதற்கான இசைவாணை ஆகியவற்றின் நிபந்தனைகளோடு கூடிய நகல். கடந்த மூன்று ஆண்டுகளின் ஆய்வு அறிக்கைகள், மாதிரிப் பகுப்பாய்வு அறிக்கைகள். அனுப்பிய விளக்கம் கோரும் அறிவிப்புகள். எங்கள் மனு மீதான கோப்புக் குறிப்புகள்.

"வணிக ரகசியம்" என்று மறுத்தால் கலங்க வேண்டாம். நீர்ச் சட்டம் 25ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவின்படி, இசைவாணை நிபந்தனைகளை வாரியம் ஒரு பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும், அந்தக் கழிவால் பாதிக்கப்பட்ட எவரும் அதைப் பார்க்கலாம். மேல்முறையீட்டில் இந்த ஒரு வரியை எழுதினோம். பதினெட்டு நாளில் நகல் வந்தது. அந்த இசைவாணையைப் படித்த பிறகுதான் விஷயமே விளங்கிற்று: ஒரு சொட்டுக் கழிவும் வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது நிபந்தனை. ஆக, வெளியேறிய தண்ணீர் எவ்வளவு கெட்டது என்று நாங்கள் நிரூபிக்கவே தேவையில்லை. வெளியேறியதை நிரூபித்தால் போதும். இதை முதல் மாதத்திலேயே வாங்கியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

8. தேதி தவறும் இடம்: பசுமைத் தீர்ப்பாயம்

எங்கள் பதினான்கு மாதங்களை விழுங்கியது இதுதான். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே உள்ள நீதிமன்றம்தான் பசுமைத் தீர்ப்பாயம். தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010, 14ஆம் பிரிவில் மனுப் போட, வழக்குக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. தகுந்த காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள். அதற்கு மேல் தீர்ப்பாயமே நினைத்தாலும் நீட்ட முடியாது. நாங்கள் மாவட்ட அலுவலகங்களைச் சுற்றிவிட்டு வந்தபோது அந்தக் கதவு மூடியிருந்தது.

கைகொடுத்தது 15ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு, கெட்ட சூழலைப் பழைய நிலைக்கு மீட்டுத்தருவது ஆகியவற்றைக் கேட்க ஐந்து வருஷம் வரை அவகாசம் உண்டு. பள்ளத்தையும் கிணறுகளையும் மீட்டுத்தரக் கேட்டு அதில் போனோம். கழிவு தொடர்ந்து வருவதால் கெடுவும் தொடரும் என்று வாதாடலாம் என்பார்கள். அந்த வாதத்தை நம்பி உட்காராதீர்கள். முதல் கழிவு பார்த்த நாளை நோட்டின் அட்டையில் எழுதி, அதிலிருந்து ஐந்தாம் மாதத்தில் ஒரு வட்டம் போடுங்கள். அதற்குள் வாரியம் அசையாவிட்டால் நேரே தீர்ப்பாயம். புதிதாக வழங்கிய இசைவாணையை எதிர்ப்பதென்றால் முதலில் நீர்ச் சட்டம் 28ஆம் பிரிவில் மேல்முறையீட்டு அதிகார அமைப்பு, முப்பது நாள். அதன் உத்தரவை எதிர்ப்பதென்றால்தான் தீர்ப்பாயச் சட்டம் 16ஆம் பிரிவு, அதற்கும் முப்பது நாள்தான், மேற்கொண்டு அறுபது.

தென் மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது ஆயிரம். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம், இணையவழித் தாக்கலும் உண்டு. ஆனால் தமிழ் ஆவணங்கள் ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். எங்கள் செலவில் பெரிய பங்கு இதற்கே போனது. அதனால் நோட்டில் இருபது முக்கியப் பக்கங்களை மட்டும் தேர்ந்தெடுத்து மொழிபெயருங்கள். ஆங்கிலம் நன்றாக எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஊரில் ஒருவராவது இருப்பார். எங்களுக்கு ஒருவர் கிடைத்தார், மூன்று வாரம் ராத்திரி உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

எதிர்மனுதாரர் பட்டியலில் ஆலையை மட்டும் போடாமல் வாரியம், மாவட்ட ஆட்சியர், உள்ளாட்சி ஆகியோரையும் சேருங்கள். உத்தரவை நிறைவேற்றப் போகிறவர்கள் அவர்கள்தான்.

இன்னொரு வழியும் உண்டு. பத்திரிகைச் செய்தியையோ கடிதத்தையோ வைத்துத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுக்கலாம் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே உள்ளூர் நிருபரிடம் ஆவேசமாகப் பேசாமல் சர்வே எண், தேதிப் பட்டியல், ஆய்வக அறிக்கை நகல் கொடுங்கள். செய்தி அந்த விவரங்களோடு வந்தால் அதுவே மனு மாதிரி வேலை செய்யும்.

9. கூட்டுக் குழு வரும் நாள்

தீர்ப்பாயம் பெரும்பாலும் முதலில் ஒரு கூட்டுக் குழுவை அமைத்து அறிக்கை கேட்கும். மாவட்ட ஆட்சியர் தரப்பு, வாரியம், சில சமயம் மத்திய வாரியம் இருக்கும். ஆய்வு நாளை மனுதாரருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று முதல் விசாரணையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அன்று நோட்டை வைத்திருப்பவர், கிணற்றுக்காரர், வழி காட்டுபவர் என்று மூன்று பேர் மட்டும் போங்கள். கூட்டம் போட்டால் பாதுகாப்பு இல்லை என்று திரும்பிப் போய்விடுவார்கள். எங்கே தோண்ட வேண்டும், எந்தக் கிணறு என்று ஒரு கைவரைபடம் வரைந்து கொடுத்து, அதற்கும் ஒப்புகை வாங்குங்கள். மாதிரி எடுக்காமல் விட்ட இடம் இருந்தால் அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். அறிக்கை வந்த பிறகு சொன்னால் எடுபடாது.

10. செலவும் காலமும்

எங்கள் ஊரில் இருபத்து மூன்று குடும்பங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். மாதிரிச் சோதனை, மொழிபெயர்ப்புத் தட்டச்சு, நகல், சென்னைப் பயணம், தபால் எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே போனது, அந்த முதல் வழக்கறிஞர் முன்பணம் நீங்கலாக. கணக்கைத் தனி நோட்டில் எழுதி, மாதம் ஒரு முறை கோயில் மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் படித்தோம். பணத்தைப் பற்றி ஒரு பேச்சு எழுந்துவிட்டால் ஊர் இரண்டாகிவிடும். பல ஊர்களில் போராட்டம் அங்கேதான் நின்றது.

சரியாகப் போனால் காலக்கணக்கு இப்படி வரும்: நோட்டும் மாதிரியும் ஒரு மாதம். புகாரும் தகவல் மனுவும் அடுத்த வாரம். பதிலும் ஆய்வும் மூன்றாம் மாதத்துக்குள். மேல்முறையீடு நான்காம் மாதம். தீர்ப்பாய மனு ஐந்தாம் மாதம். அங்கிருந்து உத்தரவு வர ஒரு வருஷமாவது பிடிக்கும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

11. மூடிய பிறகு

மின் இணைப்பைத் துண்டித்த இரவு ஊரில் பட்டாசு வெடித்தார்கள். ஒன்பதாம் நாள் இரவு அதே பக்கம் ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. காலையில் சின்னம்மா முக்கிய துணி பச்சையாக வந்தது. நோட்டில் எழுதி, படம் எடுத்து, அன்றே வாரியத்துக்கும் தீர்ப்பாய வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு வழக்கறிஞருக்கும் அனுப்பினோம். மூன்றாம் நாள் ஜெனரேட்டருக்கும் சீல் வைத்தார்கள்.

மறுபடி திறக்க அனுமதி கேட்கும்போது என்னென்ன நிபந்தனை போடுகிறார்கள் என்று பார்க்க ஆறு மாதத்துக்கு ஒரு தகவல் மனு போட்டுக்கொண்டே இருங்கள். இழப்பீட்டுத் தொகை வசூலானதா, பள்ளத்துச் சேற்றை அள்ளச் செலவானதா என்பதையும் அதிலேயே கேளுங்கள். சேற்றை அள்ளும்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று வண்டி எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். சாயச் சேறு அபாயக் கழிவு, அதற்கென்று அனுமதித்த இடத்துக்குத்தான் போக வேண்டும். எங்கள் பள்ளத்திலிருந்து அள்ளிய முதல் இரண்டு லோடு பக்கத்து ஊர்க் குளக்கரையை நோக்கித் திரும்பியது. வழிமறித்து நிறுத்தியது அந்த ஊர்க்காரர்கள். அவர்கள் கையிலும் அப்போது ஒரு நோட்டு இருந்தது.